குவாரிக் குழியில் குதிக்காமல் காப்பாற்றுவது

போன மாதம் கோச்சடை அருகே வைகைத் தடுப்பணையில் ஒருவர் மூழ்கிப்போனார். நான் ஓடிச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. கரையில் நின்றவர்களின் கையில் போன் இருந்தது, ஒருவரிடம்கூடக் கயிறு இல்லை. அந்த எரிச்சலில்தான் மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நடந்த ஒருநாள் நீர்மீட்புப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தேன்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினேன். மேலூருக்கு முக்கால் மணி நேரம், இருபத்தைந்து ரூபாய். அங்கிருந்து எட்டு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, முப்பது ரூபாய்.

"குவாரிக்கா? குளிக்கப் போறியளா, சாகப் போறியளா?" என்றார் டிரைவர்.

"காப்பாத்தப் படிக்கப் போறேன் அண்ணே."

"அப்ப மீதிச் சில்லறைய வாங்கிட்டுப் போங்க. செத்தவன் காசு எனக்கு வேணாம்."

மலையை அறுத்து விற்றவர்கள் குழியை மட்டும் ஊருக்கு விட்டுப் போயிருக்கிறார்கள். வேலி இல்லை. பச்சைத் தண்ணீர், செங்குத்தாக அறுத்த கல். ஊர்க்காரர்கள் வசூல் செய்து ஆறு மிதவை ஜாக்கெட் வாங்கியிருந்தார்கள். ஊருக்கென ஆறு பேர் கொண்ட மீட்புக் குழு அமைப்பது திட்டம். ஐந்து பேர் முடிவாகிவிட்டார்கள். ஆறாவதாக வந்து நின்றவர் ஷகிலா அக்கா. குழிக்கு மிக அருகே இருப்பது அவர் வீடுதான். அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்தக் கரை வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

"நீச்சல் தெரியாத ஆளுக்கு எதுக்கு ஜாக்கெட்டு?" என்றான் பாண்டி, ஐவரில் ஒருவன்.

"பகல்ல நீங்க அம்புட்டுப் பேரும் வேலைக்குப் போயிருவிய. இங்க இருக்கது நான்தான்" என்றார் அக்கா.

பயிற்சி கொடுத்த செல்வம் அண்ணன் சாயங்காலம் முடிவு சொல்வதாகச் சொன்னார். முதலில், பனி உறைந்த ஏரியில் ஆளை மீட்கும் வீடியோ ஒன்றைப் போட்டார்.

"மேலூர்ல ஐஸ் வண்டிதாண்ணே இருக்கு" என்றான் பாண்டி.

அண்ணன் சிரிக்கவில்லை. "பனியோ தண்ணியோ, காப்பாத்துறவன் கரையில இருக்கணும்."

பிறகு நைலான் கயிற்றில் கட்டிய ஐந்து லிட்டர் எண்ணெய் கேனை வீசப் பழக்கினார். கேனில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால்தான் தூரம் போகும்.

பதினொரு மணிக்கு ஜாக்கெட் போட்ட பாண்டி மூழ்குகிறவனாக நடித்தான். என் முறை. வீசிய கேன் விலகி விழுந்தது. அடுத்த நொடி ஜாக்கெட்கூட இல்லாமல் நான் குதித்துவிட்டேன். கிணற்றில் நீச்சல் பழகியவனுக்குக் கால்தான் முதலில் ஓடும். பாண்டி நடிப்பை விடாமல் என் தோளில் ஏறினான். மூக்கில் தண்ணீர் புகுந்தது. உதறிக்கொண்டு சுவருக்குப் போனேன். கிணற்றில் படி இருக்கும். இங்கே விரல் நுழைய ஒரு வெடிப்புகூட இல்லை. வழுக்கி உள்ளே போனேன். அது நடிப்பில்லை.

தலை வெளியே வந்தபோது காதோரம் கேன் விழுந்தது.

"செவுத்த விடுங்க தம்பி! கேனப் பிடிங்க!"

கரையில் குப்புறப் படுத்துக் கயிற்றை இழுத்தவர் ஷகிலா அக்கா. அவர் காலை இரண்டு பேர் பிடித்திருந்தார்கள்.

செல்வம் அண்ணன் சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. ஆறாவது ஜாக்கெட்டை அப்போதே அக்காவிடம் கொடுத்தார்.

"நான் விழுந்தாலும் இம்புட்டு கரெக்டாப் போடுவியளாக்கா?" என்றான் பாண்டி.

"குடிச்சுட்டு விழுந்தா யோசிப்பேன்."

அடுத்த பயிற்சிக்குப் போக நினைப்பவர்களுக்கு: மாற்றுத்துணி, முழுக்கால் சட்டை, குடிநீர் கொண்டு போங்கள். கட்டணம் இல்லை, மதியம் சாம்பார் சாதம் தருகிறார்கள். மேலூருக்குத் திரும்ப ஐந்து மணிக்குமேல் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். நீச்சல் தெரிய வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். வேண்டாம். அன்று அந்தக் குழியிலிருந்து இழுத்துப் போட வேண்டியிருந்தது ஒரே ஒரு ஆளைத்தான். அவனுக்கு நன்றாக நீச்சல் தெரியும்.