பேருந்து நிறுத்தத்தில் அத்தை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஃபிளெக்ஸ் வைத்தது என் அத்தைக்குத்தான். நாகமலை புதுக்கோட்டையில் கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று எதற்கும் ஃபிளெக்ஸ் உண்டு. ஆனால் ரக்பி விளையாடுகிற பெண்ணுக்கு வைத்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகும் யாருக்கும் வைத்ததாகத் தெரியவில்லை. அந்த வேலையில் எனக்கும் பங்கு உண்டு. அப்போது எனக்குப் பத்து வயது.

அத்தை அப்பாவின் கடைசித் தங்கை. காலேஜில் கபடி ஆடிக்கொண்டிருந்தாள். ஆளைப் பிடித்துச் சாய்ப்பதில் கெட்டிக்காரி என்று கண்டு, விளையாட்டு ஆசிரியை அவளை ரக்பிக்கு மாற்றிவிட்டார். முட்டை வடிவத்தில் ஒரு பந்து, அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடவேண்டும், எதிரணிக்காரிகள் இடுப்பில் பாய்ந்து விழத்தட்டுவார்கள். எங்கள் வீட்டின் மொத்த ரக்பி அறிவும் அவ்வளவுதான். மாநில அணி, சம்பளம் தருகிற ஒரு வடநாட்டு கிளப், அப்புறம் இந்திய அணிக்கான கேம்ப் என்று ஆறேழு வருடம் ஓடினாள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் உடம்பில் ஏதாவது ஓர் இடம் வீங்கியிருக்கும். வலது தோள் இரண்டு தடவை கழன்று ஏறியிருந்தது. அந்தக் கையைத் தூக்க முடியாததால் அவளுக்குத் தலை பின்னிவிடுவது என் வேலை. தோள் சங்கதியை வெளியே சொல்லக்கூடாது என்று சொல்லியிருந்தாள். நானும் சொல்லவில்லை.

பெரியப்பாவுக்கு இந்த விளையாட்டு பிடிக்காது. ஒருமுறை அத்தை டவுசரோடு சேற்றில் புரளும் படம் பேப்பரில் வந்துவிட்டது. வயசுப்பிள்ளையை இப்படியா வளர்ப்பது என்று அப்பாவோடு சண்டை போட்டுவிட்டுப் போனவர், மூன்று வருடம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. கீழக்குயில்குடியில் குலசாமிக்குப் பொங்கல் வைக்கும்போதுகூட அவர்கள் அடுப்பு தனியாகத்தான் எரிந்தது. அப்பா வெளியே வீறாப்பாகப் பேசினாலும், அந்த நாளில் அவருக்குச் சோறு இறங்காது.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் அத்தையின் கோச்சிடமிருந்து அப்பாவுக்கு போன் வந்தது. வெளிநாடு போகும் அணியில் அத்தையின் பெயர் வந்துவிட்டதாம். கேம்ப் முடிந்து அத்தை ரயிலில் வந்துகொண்டிருந்தாள், அவளுடைய போன் கிடைக்கவில்லை. அப்பா மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். எழவு வீட்டுக்குப் போவதென்றால்கூட அரைக் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறவர், அன்றைக்கு மத்தியானமே ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு நேராகப் பெரியப்பா வீட்டுக்குப் போனார். இந்தியாவுக்கு ஆடுகிறாள் என்றதும் பெரியப்பாவுக்கு டவுசர் மறந்துபோயிற்று. சாயங்காலம் அவரே எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்தார். போகும்போது தன் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அத்தை விளையாடும் படம் ஒன்றும் தெளிவாக இல்லை. சொந்தக்காரர் கல்யாணத்தில் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக எடுத்த படத்தை நான்தான் தேடிக் கொடுத்தேன். ஃபிளெக்ஸ் கடைக்காரர் அந்தத் தலையை மட்டும் வெட்டி, இன்டர்நெட்டில் கிடைத்த யாரோ ஒரு வெள்ளைக்காரனின் உடம்பில் ஒட்டினார். கையெல்லாம் முடி. அப்பா சங்கடப்பட்டதும், அவர் சளைக்காமல் முழுக்கைச் சட்டை போட்டுவிட்டார். கீழே பதினான்கு சொந்தக்காரர்களின் முகங்கள் வரிசையாக இருந்தன. நடுவில் பெரியப்பா. ஓரத்தில் நான். வாழ்நாளில் அதுவரை எனக்கு அப்படி ஒரு கௌரவம் கிடைத்ததில்லை.

மறுநாள் காலையில் அப்பா, பெரியப்பா, நான் மூவரும் பொன்னாடையோடு பேருந்து நிறுத்தத்தில் நின்றோம். அத்தை டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பையை இடது தோளில் மாட்டியிருந்தாள். எங்களைப் பார்க்கும் முன்பே ஃபிளெக்ஸைப் பார்த்துவிட்டாள். அப்படியே பையைக் கீழே வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டாள். ஆனந்த அதிர்ச்சி என்று அப்பா சொன்னார். பெரியப்பா பொன்னாடையைப் போர்த்தி, அவள் வலது தோளில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தது எனக்கு மட்டும்தான் தெரிந்தது.

வீட்டில் பலகாரமும் பேச்சுமாக ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உள்ளறையில் நான் அத்தைக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். கூடத்தில் அப்பாவும் பெரியப்பாவும் ஒரே தட்டில் முறுக்கு எடுத்துத் தின்றுகொண்டிருந்தார்கள். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"பாப்பா, எனக்கு உடம்பு தாங்கலடி. இந்தத் தடவை எம்பேரு வரக்கூடாதுன்னு சாமி கும்பிட்டேன், வந்துருச்சு. முடியாதுன்னு சொல்லிப்புட்டு வீட்டோட இருந்துரவா?"

நான் பின்னலை விடாமலே சொன்னேன்.

"இருந்துட்டா பெரியப்பா மறுபடியும் பேசாமப் போயிருவாருல்ல அத்தை? இம்புட்டுப் பெரிய ஃபிளெக்ஸ் வேற வச்சாச்சு."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "அதுவும் சரிதான்" என்றாள். நான் பின்னலை முடித்து ரப்பர் பேண்டு போட்டேன்.

அத்தை அந்த அணியோடு போனாள். பிறகும் நாலு வருடம் ஆடினாள். ஃபிளெக்ஸ் ஆடிக் காற்றில் கிழிந்து, யாரோ வைக்கோல் போரை மூட எடுத்துப் போய்விட்டார்கள். அதுவரை ஊரில் இருக்கும் நாளெல்லாம் அவள் அதன் அடியில் நின்றுதான் பஸ் ஏறினாள். பிராக்டீஸுக்கு எத்தனை மணிக்குப் போகிறாள் என்று டீக்கடைக்காரர் வரை கணக்கு வைத்திருந்தார். கடைசியில் தோளில் ஆபரேஷன் ஆயிற்று, அதற்கடுத்த வருடம் முழங்காலில். இப்போது வாடிப்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிக்க அந்தக் கை எழும்பாது. உட்கார இடம் கிடைக்கும் வண்டிக்காகக் காத்திருந்துதான் வருகிறாள்.

நானோ ரொம்ப நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். விளையாட்டை விடப் பார்த்தவளை நான்தான் பேசித் திருப்பினேன் என்று வகுப்பில் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

இப்போது எனக்கு அன்றைய அத்தையின் வயது. வேலை முடிந்து, பேசக்கூடத் தெம்பில்லாமல் வீட்டுக்கு வந்து விழுகிற நாட்களில் அந்த உள்ளறை ஞாபகத்துக்கு வருகிறது. வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். அவர்களில் யாரிடமும் கேட்கத் துணியாததை அவள் ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டாள். என் யோசனையை அவள் கேட்கவில்லை. யாராவது ஒருவர், சின்னப்பிள்ளையானாலும் சரி, "போதும் அத்தை, இருந்துரு" என்று வாயால் சொல்ல வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறாள்.