பெயர் ஒட்டாத பாத்திரம்

அமெரிக்காவின் கரோலினாவில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டுப் பெண்ணை அடுப்படிப் பக்கம் போகவிட மாட்டார்கள். ஊரே சமைத்துக் கொண்டுவந்து குவிக்கும். கோழியும் சோறும், மாக்கரோனி, பீன்ஸ், பீச் பழ இனிப்பு என்று மேஜை கொள்ளாது. ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் காகித டேப் ஒட்டி, கொண்டுவந்தவள் தன் பெயரை எழுதியிருப்பாள். அழுகை ஓய்ந்தபின் அதைக் கழுவி எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், ஒரு காப்பி குடித்து, நாலு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டும். பாத்திரம் ஒரு சாக்குத்தான். உன்னைத் தனியாக விட்டுவிட மாட்டோம் என்பதுதான் சேதி.

ஹாரோ கிரீக் ஊரில் இந்த விஷயத்தில் வெர்னா ஸ்டோக்லியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. செத்தவர் எந்தக் கட்சி, எந்தச் சபை என்றெல்லாம் பார்க்க மாட்டாள். சேதி வந்து சேருவதற்குள் அவள் கோழி போய் இறங்கிவிடும்.

"நான் செத்தாலும் டாக்டருக்கு முன்னாடி உன் கோழிதான்டி வரும்" என்று டோரீன் கிண்டல் செய்வாள்.

டோரீன் பியூ அவளுக்குப் பள்ளிக்கூடத்துத் தோழி. டோரீனிடம் ஒரு நீலக் கண்ணாடிப் பாத்திரம் உண்டு, ஒரு பக்கக் கைப்பிடி மூளி. ஒரு கிறிஸ்துமஸ் அன்று கழுவும்போது வெர்னாதான் கை தவறிப் போட்டாள். "என் கல்யாணப் பாத்திரத்த ஒடச்ச பாவி" என்று அதைச் சொல்லிச் சிரித்தே இரண்டு பேருக்கும் வயசாகிவிட்டது.

வெர்னாவுக்குப் பிழைப்பு ஊர்க்கோடியில் இருந்த சின்ன விமானத்தளத்தில். அங்கே ஒரு கேன்டீன் நடத்தினாள். புருஷன் ஹாலிஸ் அதே தளத்தில் ஒரு விமானக் கம்பெனியில் மெக்கானிக். கம்பெனி டோரீனின் கணவர் டெல்பர்ட்டுடையது. நியூயார்க்கில் கோபுரங்கள் விழுந்த பிறகு அந்தக் கம்பெனிக்கு யோகம் அடித்தது. எழுத்தே இல்லாத வெள்ளை விமானங்கள் வந்து போயின. அரசாங்க வேலை என்றார்கள். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கேட்பானேன்? சம்பளம் ஏறியது, தேவாலயத்துக்கு டெல்பர்ட் புதுக் கூரை போட்டுக் கொடுத்தார்.

ஒரு நாள் மத்தியானம் விமானி ஒருவன் கேன்டீனுக்கு வந்தான்.

"மிஸ் வெர்னா, அஞ்சு பேருக்குச் சாப்பாடு கட்டுங்க. கூட ஒண்ணு. அதுல பன்னி கூடாது. கரண்டி, முள்ளு எதுவும் வைக்க வேணாம்."

"யாரு கண்ணா அது, கைப்பிள்ளையா?"

"அப்படித்தான் வெச்சுக்குங்களேன்" என்றான். சிரிக்கவில்லை.

குழந்தை என்றே நினைத்து, மெத்து மெத்தென்ற ரொட்டியாக எடுத்தாள். சிவப்பு மிளகாய்த் துண்டு போட்டுப் பிசைந்த சீஸைத் தடவினாள். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் உள்ள தீனி அது. ஆனால் வெர்னா அதற்குள் வெண்டைக்காய் ஊறுகாயை நீளவாக்கில் கீறி வைப்பாள். உலகத்தில் வேறு யாரும் செய்யாத கூத்து. "பசையையும் பசையையும் சேத்து வெச்சிருக்கா பாரு" என்று ஹாலிஸே முகம் சுளிப்பான், சுளித்துக்கொண்டே இன்னொன்று கேட்பான்.

அப்புறம் சில வருஷம் போயிற்று. ஹாலிஸுக்கு நுரையீரல் கெட்டது. பெயின்ட் புகையும் எண்ணெய்ப் புகையும் சும்மா விடுமா? மூக்கில் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். ஆக்சிஜனுக்கும் மருந்துக்கும் கம்பெனி இன்ஷூரன்ஸ்தான் கதி.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் ஒரு சாயங்காலம் டிவியில் ஒரு ஆள் வந்தார். நிதால் கரம் என்று பெயர், பெய்ரூட்டில் தரைக்கு ஓடு பதிக்கிறவர். அமெரிக்க உளவுத்துறை ஆட்கள் வேறு யாரையோ தேடி இவரைப் பிடித்துவிட்டார்கள். முகத்தில் பை மாட்டி, கை கால் கட்டி, எங்கோ ஒரு தேசத்து இருட்டறையில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்து அடித்திருக்கிறார்கள். ஆள் மாறிவிட்டது என்று தெரிந்ததும் ஒரு மலை ரோட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்கள். மன்னிப்பு கூட இல்லை. இப்போது அமெரிக்கக் கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். அரசாங்கமோ, அப்படி ஒரு பயணம் நடந்ததா இல்லையா என்றே சொல்ல முடியாது என்றது.

"விமானத்துல ஒருத்தன் பையைக் கொஞ்சம் தூக்கி என் வாயில ரொட்டி குடுத்தான்" என்றார் நிதால். "சீஸு. உள்ள ஒரு காய், புளிப்பா, கொழகொழன்னு. கடிச்சதும் வெண்டைக்காய்னு தெரிஞ்சுது. எங்க அம்மா சமைக்கற காய். வெண்டைக்காய் திங்கற ஊர்க்காரங்கதானே, என்னை வீட்டுக்குத்தான் கொண்டுபோறாங்கன்னு நெனச்சேன். அழுதேன்."

வெர்னா கையில் இருந்த துணியைக் கீழே போட்டாள்.

"ஹாலிஸ்... அது என் ரொட்டி."

ஹாலிஸ் டிவியை அணைத்தான். குழாயின் சத்தம்தான் கேட்டது.

"தெரியும்" என்றான். "அந்த விமானத்துல சீட்டைக் கழட்டிட்டுத் தரையில சங்கிலி மாட்ட வளையம் அடிச்சது நான்தான். எதுக்குன்னு கேக்கல."

நிதாலின் வக்கீல் ஒரு சின்னப் பெண், தலைநகரத்தில் இருந்தாள். வெர்னா அவளைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டு வந்தபோது ஹாலிஸுக்குக் கோபம் தலைக்கேறியது.

"உனக்குப் பைத்தியமா பிடிச்சிருக்கு? நான் மூச்சு விடறதே டெல்பர்ட் காசுல. நான் போனப்புறம் போய்ச் சொல்லு, ஊரைக் கூட்டிச் சொல்லு. யார் வேணாம்னா?"

"கேஸு அதுவரைக்கும் காத்திருக்காது, ஹாலிஸ்."

"அப்போ நான் சீக்கிரம் சாகணும்ங்கற."

அவள் பின்கட்டில் போய் நின்று வாய்விட்டு அழுதாள். ஒரு பக்கம் கட்டின புருஷன், இன்னொரு பக்கம் முகமே பார்த்திராத ஒரு மனுஷன். ஆனால் அந்த மனுஷன் வாயில் போனது அவள் கையால் செய்த சாப்பாடு. சாப்பாடு போட்ட கையால் எப்படி இல்லை என்று சொல்வது? அந்த ரொட்டி தன் கையால் கட்டியது, விமானம் இங்கிருந்துதான் போனது என்று போய்ச் சத்தியம் செய்து, வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

பத்திரிகையில் அவள் பெயர் வந்தது. அவ்வளவுதான், கேன்டீன் குத்தகையை ரத்து செய்தார்கள். கம்பெனி ஆட்குறைப்பு என்று சொல்லி ஹாலிஸின் பெயரை எடுத்தது, இன்ஷூரன்ஸும் அதோடு போயிற்று. கடையில் கண்டவர்கள் அடுத்த வரிசைக்கு நழுவினார்கள். டோரீன் மட்டும் ஒரு தடவை போன் செய்தாள்.

"நம்ம பையனுங்க அங்க சண்டையில சாகறாங்க. நீ எவனோ ஒருத்தனுக்காக ஊர் மானத்த வாங்கறியேடி."

"அவன் ஒண்ணுமே பண்ணலடி, டோரீன்."

"அது பெரியவங்களுக்குத் தெரியும். நமக்கு எதுக்கு?" என்று வைத்துவிட்டாள்.

வழக்கு நாளில் வெர்னா ஞாயிற்றுக்கிழமை உடுப்பைப் போட்டுக்கொண்டு கோர்ட்டுக்குப் போனாள். பெஞ்சில் நேராக உட்கார்ந்து, தன்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். அரசு வக்கீல் எழுந்தார். இது தேசத்தின் பாதுகாப்பு விவகாரம், நடந்தது என்றாலும் ஆபத்து, நடக்கவில்லை என்றாலும் ஆபத்து, ஆகவே கோர்ட் இதைக் கேட்கவே கூடாது என்றார். நீதிபதி மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். மனுதாரருக்காக வருந்துகிறேன், ஆனால் அரசு ரகசியம் என்று சொல்லிவிட்டால் எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டார். ராஜாவே வேண்டாம் என்று சண்டை போட்டுப் பிறந்த தேசம், வருஷா வருஷம் அதற்காக வாணவேடிக்கை விடுகிற தேசம்! ஒருத்தர் "ரகசியம்" என்றதும் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டார்கள். வெர்னாவை யாரும் கூப்பிடவே இல்லை.

வீட்டுக்கு வந்தபோது ஹாலிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பல நாள் அப்படித்தான். ஒரு நாள் காலையில் அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது திடீரென்று கேட்டான்.

"அந்த ஆளு அதை முழுசும் தின்னானாமா?"

"தின்னானாம். பேச விட்டிருந்தா இன்னொண்ணு கேட்டிருப்பேன்னு வக்கீல் பொண்ணுகிட்ட சொன்னானாம்."

ஹாலிஸ் தலையை ஆட்டினான். அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த வாரமே போய்விட்டான்.

அடக்கம் முடிந்து வந்து வெர்னா முதலில் செய்த காரியம், பிரிட்ஜைக் காலி செய்தது. சாவு வீட்டில் எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள், வருகிற பாத்திரங்களை எங்கே வைப்பது? மேஜையைத் துடைத்து வெள்ளை விரிப்புப் போட்டாள். உட்கார்ந்தாள். கார்கள் வாசலைத் தாண்டிப் போயின. ஒன்றும் நிற்கவில்லை. எத்தனை வீட்டுக்குக் கோழி கொண்டுபோனவள்! அன்றைக்கு ராத்திரி உப்பு பிஸ்கட் தின்றுவிட்டுப் படுத்தாள்.

விடிந்து பின்கதவைத் திறந்தால் படியில் ஒரு பாத்திரம், துணி போட்டு மூடியிருந்தது. கோழியும் சோறும். அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே கொண்டுவந்தாள். பசி பொறுக்கவில்லை, நின்றபடியே தின்றாள். பிறகு கழுவித் திருப்பினாள். அடியில் பெயர் இல்லை. டேப்பைப் பிய்த்த பசை மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. நீலக் கண்ணாடி. கைப்பிடியில் மூளி.

ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்துப் பளபளவென்று எடுத்துக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள். ஆராதனை முடிந்து எல்லாரும் காப்பிக்குக் கூடியபோது நடுவில் நின்று தூக்கிப் பிடித்தாள்.

"இது யாரோட பாத்திரம்? கோழி நல்லா இருந்துச்சு. யாருதுன்னு சொன்னா, முறைப்படி வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்கறேன்."

டெல்பர்ட் புதுக் கூரையைப் பார்த்தார். டோரீன் சர்க்கரைக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே காப்பியைக் கலக்கினாள், கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"யாருதும் இல்லையா?" வெர்னா பாத்திரத்தைத் திருப்பி அடியைக் காட்டினாள். "அப்போ இது வரவே இல்ல. நானும் திங்கவே இல்ல. அந்த விமானமும் இங்கேருந்து போகவே இல்ல. அப்படித்தானே?"

பாத்திரத்தைத் தேவாலயத்துச் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தாள். அலமாரியில் அந்த இடம் காலியாக இருந்தது. யார் எடுத்துக்கொண்டு போனார்கள் என்று அவள் கேட்கவில்லை.