ஓரத்துக்கு அனுப்பப்பட்டவன்

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றி என்றால் வீசை என்ன விலை என்று கேட்பார்கள். அதில் முதல் ஆள் என் வீட்டுக்காரன் ஜேபஸ்.

ஆல்பன் திரெல்ஃபால் எங்கள் ஊர்க் கால்பந்து அணியில் நடுக்களத்தில் ஆடியவர். சனிக்கிழமை பந்து உதைத்த கூலியில் மான்செஸ்டரில் டாக்டருக்குப் படித்தார். படிப்பு முடிந்தபின்னும் ஆட்டத்தை விடாமல், எங்கள் தெருமுனையில் பித்தளைப் பெயர்ப்பலகை மாட்டினார். பெரிய டாக்டர்கள் அவரை மதிக்கவில்லை. ஆலையில் தறி ஓட்டும் நாங்கள்தான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் ஓடினோம்.

கோப்பை அரையிறுதியன்று அதே அணியில் ஆடிய ஜேபஸ் எதிரணி முரடன் ஒருவனோடு மண்டையை மோதிக்கொண்டான். விழுந்து எழுந்தவன் வாந்தி எடுத்தான். அப்போதெல்லாம் பந்தாட்டத்தில் மாற்று ஆள் கிடையாது. அடிபட்டவன் வாயில் ஒரு மடக்கு பிராந்தி ஊற்றிக் களத்தின் ஓரத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் சும்மா நின்றாலும் எதிரணியில் ஒருவன் அவனைக் காவல் காக்க வேண்டுமே, அதுவே லாபம்!

ஜேபஸையும் அப்படித்தான் அனுப்பினார்கள். ஓரத்துக்குப் போனவன் எங்கள் கோலையே எதிரி கோல் என்று நினைத்து முறைத்துக்கொண்டு நின்றான்.

திரெல்ஃபால் ஆட்டத்தை விட்டுவிட்டு ஓடிவந்து அவன் இமையை விலக்கிப் பார்த்தார். "ஒரு கண்ணுல பாப்பா பெரிசாயிட்டுது. இவன் ஆடக் கூடாது."

ஆலை முதலாளி க்ராப்ட்ரீதான் பந்தாட்டக் கழகத்துக்கும் தலைவர். களத்தைச் சுற்றிக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார். "ஒமக்குக் கூலி குடுக்கறது பந்து உதைக்கவா, நாடி பிடிக்கவாய்யா?"

"அப்ப நீங்களே எறங்கி உதைங்க" என்று சொல்லிவிட்டு, ஜேபஸைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மிச்சம் ஒன்பது பேர் ஆடித் தோற்றார்கள். மருத்துவமனையில் மண்டையோட்டில் துளைபோட்டு ரத்தக் கட்டியை எடுத்தார்கள். தாமதித்திருந்தால் நான் தாலியறுத்தவள்தான், எங்கள் ஊரில் தாலி இல்லாவிட்டாலும்!

கழகம் அவரை நீக்கியது. அவரிடம் வைத்தியத்துக்குப் போனால் தறி கிடையாது என்றார் க்ராப்ட்ரீ. எல்லாரும் வாலைச் சுருட்டிக்கொண்டார்கள். ஜேபஸ் தேறி எழுந்து மதுக்கடைக்குப் போனான்.

"பத்தே நிமிஷம் விட்டிருந்தா நானே கோல் போட்டிருப்பேன். அந்த வைத்தியன் கெடுத்துட்டான்!" இதைச் சொல்லச் சொல்ல ஊரே அவனுக்கு பீர் வாங்கிக் கொடுத்தது. அட வெட்கங்கெட்டவனே!

ஒருநாள் நான் ஆலைவிட்டு வரும்போது, திரெல்ஃபால் ஊரைவிட்டுப் போவதற்காகப் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதில் யாரோ சேற்றை வாரி அடித்திருந்தார்கள். இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியால் துடைத்தேன்.

"ஜேபஸுக்குத் தலைவலி வருதாம்மா?"

"இல்ல டாக்டர். வாய்தான் நாளுக்கு நாள் நீளுது."

அவர் சிரித்தார்.

வீட்டில் ஜேபஸ் சாப்பிட உட்கார்ந்திருந்தான். நகக்கண்ணெல்லாம் சேறு.

"நீயுமாய்யா?"

"எல்லாரும் எறிஞ்சாங்கடி. நான் மட்டும் சும்மா நின்னா என்ன நெனைப்பாங்க?"

உருளைக்கிழங்கை இறக்கி, என் தட்டில் மட்டும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

"என்னுது எங்கடி?"

"க்ராப்ட்ரீ வீட்டு வாசல்ல போய் நில்லு" என்றேன். "ஓரமா நில்லு. ஒனக்குப் பழக்கந்தானே."