பாட்டு வந்தால் எழுந்து போக வைத்த தொடர்

வல்லம் வடகாலில் எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் விடுதிக் கூடத்தில் ஒரே ஒரு டிவி. காலை ஷிப்ட் முடிந்து வந்ததும், பள்ளிப் பிள்ளைகள் பாடி ஆடும் இரண்டு தொடர்களை அடுத்தடுத்துப் பார்ப்போம். முதல் தொடரில் பெரிய மேடை, பளபளவென்று உடைகள், நல்ல பாட்டுகள். அதில் ஒன்றை நானே ரிங்டோனாக வைத்திருந்தேன். ஆனாலும் பாட்டு தொடங்கியதும் பாதிப் பேர் துணி துவைக்கப் போய்விடுவார்கள். சீக்கிரமே அந்தத் தொடரை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது தொடருக்கு மட்டும் ஒருத்தியும் எழுந்திருக்க மாட்டாள்.

ஏன் இப்படி என்று, லைனில் என் பக்கத்தில் வேலை செய்யும் திருநெல்வேலிப் பெண்ணிடம் கேட்டேன்.

"அதுல பாட்டு வந்தா கதை நின்னுரும்க்கா. இதுல பாட்டுலதான் கதையே நடக்கு," என்றாள்.

சரிதானா என்று பார்க்க ஆசை வந்தது. மறுநாள் இரண்டாவது தொடரில் கதாநாயகி பாட ஆரம்பித்ததும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன்.

"இன்னாக்கா பண்றே? அவ அவங்கம்மாகூட சண்ட போட்டுகினு கீறா, கேக்க வுடு!" என்று முன்னால் உட்கார்ந்திருந்த காஞ்சிபுரத்துப் பெண் கத்தினாள்.

சத்தத்தைத் திரும்ப வைத்தேன். கதாநாயகி பாடிக்கொண்டுதான் இருந்தாள். அம்மா என்ன பதில் சொல்வாளோ என்று நானும் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்தேன்.