தனகோடி சொன்ன ‘எஸ்டர்டே’

ஆம்பூர் தோல்ஷாப் ஒன்றில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கித் தோல் புரட்டுவது தனகோடியின் வேலை. பதினான்கு வருஷச் சுண்ணாம்பில் அவன் பாதம் வெடித்த வெடிப்பில் ஓர் ஓணான் குடித்தனம் வைத்தது என்பார்கள். நான் பார்க்கவில்லை; ஆனால் நம்புகிறேன். இன்னும் ஒரு வருஷம் தொட்டியில் இறங்கினால் நடக்கக் கால் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான், 1929-ல், லண்டனுக்குத் தோல் அனுப்பும் கம்பெனி ஒன்று ஊரில் கிளை திறந்தது. கடிதம் கொண்டுபோக ஒரு சைக்கிள் பியூன் வேண்டும். மானேஜர் துரை சைக்கிளைப் பற்றி இங்கிலீஷில் கேள்வி கேட்பார். இங்கிலீஷிலேயே பதில் வர வேண்டும்.

சைக்கிள் விடக் கற்றுக்கொண்டது வாடகைக் கடை சர்தார் பாஷாவிடம். முதல் நாள் பிரேக்கை மறந்து, பல மைல் தாண்டிப் பள்ளிகொண்டா வைக்கோல் போர் ஒன்றில் போய்த்தான் நின்றானாம். இங்கிலீஷுக்கு அவன் பெண்டாட்டி அமிர்தவள்ளி. மிஷன் பள்ளியில் ஆறாவது வரை படித்தவள்.

“டூ யூ லைக் சைக்கிள்?” என்று அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள்.

“எஸ் சார்.”

“அவ்ளோதானா? அத கிளி கூட சொல்லும். ‘எஸ்’னு சொல்லு. ‘பிகாஸ்’ போட்டு ஏன்னு சொல்லு. அப்பால ‘எஸ்டர்டே’ன்னு ஆரம்பிச்சு ஒரு கதை சேத்துக்கோ.”

“எனக்கு இருக்கற இங்கிலீஷே கம்மி. இதுல கதை வேறயா?”

“கம்மியா இருக்கறத நீட்டிச் சொன்னாத்தான் ஜாஸ்தியா தெரியும். சொல்லு!”

ஒரு மாதம் தொட்டிக்குள் நின்று எஸ், பிகாஸ், எஸ்டர்டே என்று ஓதினான். ஊறிக் கிடந்த ஆட்டுத்தோல்களுக்கே பாதி இங்கிலீஷ் வந்திருக்கும்.

தேர்வு நாளன்று துரை கேட்டார்: சைக்கிள் பிடிக்குமா?

“எஸ் சார். பிகாஸ் சைக்கிள் நோ ஈட்டிங் கிராஸ். எஸ்டர்டே மை மாமனார் புல்லக் டூ மச் ஈட்டிங்.”

துரையின் மீசை ஆடியது. அடுத்து, மழை வந்தால் கடிதங்களை எங்கே ஒளித்து வைப்பாய் என்றார். ஒளிப்பதற்கு இங்கிலீஷில் ‘ஹைட்’. ஆனால் தோல்ஷாப்காரனுக்கு ஹைட் என்றால் மாட்டுத்தோல், ஸ்கின் என்றால் ஆட்டுத்தோல். வேறு அர்த்தமே கிடையாது. மழை, கடிதம், மாட்டுத்தோல் என்று கூட்டிப் பார்த்த தனகோடிக்குப் பதறிவிட்டது. துரை மாட்டுத்தோலில் பை தைக்கப் போகிறாரே!

“நோ ஹைட் சார்! ஸ்கின், ஸ்கின்! பிகாஸ் ஹைட் பேக் வெரி வெயிட். ஸ்கின் பேக், ஆயில் புட்டிங், ரெயின் நோ கமிங்!” பழக்கதோஷம், வாய் அங்கே நிற்கவில்லை. “எஸ்டர்டே ஐ மேக்கிங் ஒன் பேக்!”

துரை வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பையை நாளைக் காலை கொண்டு வா, வேலையை அப்புறம் பேசலாம் என்றார்.

இல்லாத பையை எங்கிருந்து கொண்டுபோவது?

“செய்யாத பைய செஞ்சேன்னு ஏன் சொன்ன?” என்று அமிர்தவள்ளி தலையில் அடித்துக்கொண்டாள்.

“நீதானே கதை சேத்துக்கோன்னே!”

“கதை சேக்கச் சொன்னா வம்பு சேத்துக்கினு வந்துட்டியே!”

“அரே, பேஜார் பண்ணாதம்மா,” என்றார் சத்தம் கேட்டு வந்த பாஷா. சைக்கிள் சீட்டுக்கு உறை போட வைத்திருந்த ஆட்டுத்தோலை எடுத்து வந்தார். தனகோடி வெட்டினான், பாஷா தைத்தார், அமிர்தவள்ளி விளக்கெண்ணெய் தேய்த்தாள். பொழுது சாய்வதற்குள் பை தயார்.

மறுநாள் துரை பைக்குள் ஒரு கடிதத்தைப் போட்டு, மேலே ஒரு கூஜா தண்ணீரைக் கவிழ்த்தார். திறந்தால் கடிதம் மொறமொறவென்று வந்தது. எப்போது தைத்தது என்று கேட்டார்.

“எஸ்டர்டே சார்,” என்றான். இந்தத் தடவை பொய்யில்லை.

திங்கட்கிழமை காலை தொட்டிக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தார்கள். தனகோடி, உலர்ந்த காலில் புதுச் செருப்போடு, பெல் அடித்துக்கொண்டே ஸ்டேஷன் பக்கம் போய்க்கொண்டிருந்தான்.