பக்கத்துக் கட்டிலின் டிஸ்சார்ஜ்

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் எனக்கு வேலை. பிரித்துக் காட்டிய புடவைகளைத் திரும்ப மடித்து அடுக்குவது. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில் எழுதப் பழக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். எட்டுப் பேர் இருந்தோம். ஒருவர் தான் எழுதியதைப் படிக்க, மற்றவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். அப்போது படித்தவர் வாயைத் திறக்கக் கூடாது. அங்கே அதுதான் சட்டம்.

நான் ஆஸ்பத்திரியில் கிடந்ததை எழுதிக்கொண்டு போனேன்.

கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன். பக்கத்துக் கட்டிலில் ஓரிக்கைக்காரி ஒருத்தி. அவளுக்கும் அதே நாள், அதே ஆபரேஷன். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வீட்டிலிருந்து வரும் கஞ்சியில் எனக்கும் ஒரு டம்ளர் ஊற்றுவாள். "குடிக்கா. உன் மூஞ்சப் பாத்துக்கினு எனக்கு எறங்க மாட்டேங்குது" என்பாள்.

வெள்ளிக்கிழமை என் மகளுக்கு வளைகாப்பு. அதற்குள் வீட்டுக்குப் போயாக வேண்டும். வேறு எதுவும் என் தலையில் இல்லை.

காலையில் டாக்டர்கள் கும்பலாக வருவார்கள். கட்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். எங்கள் தலைக்கு மேலே இங்கிலீஷில் பேசிக்கொள்வார்கள். செவ்வாய்க்கிழமை பெரிய டாக்டரம்மா அவள் வயிற்றைப் பார்த்து ஏதோ சொன்னார். எனக்குப் புரிந்தது ஒரே சொல். டிஸ்சார்ஜ். அடுத்து என் கட்டில். கூட வந்த சின்ன டாக்டர், "நோ டிஸ்சார்ஜ் மேடம்" என்றார்.

நோ என்றால் எனக்குத் தெரியும்.

"யக்கா, என்னை அனுப்பப் போறாங்க போல இருக்குது" என்று அவள் சிரித்தாள்.

"போ. நல்லாப் போ" என்றேன்.

மறுநாளும் அப்படியே. அவளுக்கு டிஸ்சார்ஜ், எனக்கு நோ. இவளுக்கு மட்டும் என்ன, யாரைத் தெரியும் இவளுக்கு என்று பொருமினேன். கஞ்சி நீட்டினாள். பசியில்லை என்றேன்.

மதியம் கூப்பிட்டாள். "யக்கா, தையல் போட்ட எடம் எரியுது. ஈரமா இருக்குது. ஒரு தபா பாரேன். இல்ல, சிஸ்டரயாவது கூப்புடு."

நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். வீட்டுக்குப் போகிறவள்தானே, வீட்டில் பார்த்துக்கொள்ளட்டும். தூக்கம் வரவில்லை. தூங்குவதுபோல் கிடந்தேன்.

வியாழக்கிழமை அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. நான் நர்சிடம் என் வழக்கை வைத்தேன். "எனக்கு மட்டும் ஏன் சிஸ்டர் டிஸ்சார்ஜ் இல்ல? அந்தப் பொண்ணுக்கு ரெண்டு நாளா சொல்லிக்கினே இருக்காங்க."

"அய்ய, அது ஊட்டுக்கு அனுப்பறது இல்லம்மா. புண்ணுலேர்ந்து சீழ் வடியுது பாரு, அத்தயும் இங்கிலீஷ்ல டிஸ்சார்ஜ்னுதான் சொல்வாங்க. உனக்கு ஒண்ணும் வடியல. நீதான் இன்னிக்கு ஊட்டுக்குப் போற."

அவளை மறுபடி தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது எனக்குக் கையை ஆட்டினாள். நான் வளைகாப்புக்குப் போனேன். அவள் என்ன ஆனாள் என்று தெரியாது. ஓரிக்கை பக்கத்தில்தான். போய்க் கேட்கவில்லை.

இதைப் படித்தேன். டிஸ்சார்ஜ் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். "செம ட்விஸ்ட் ஆன்ட்டி" என்றாள் காலேஜ் பெண். ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் பேசினார். "அந்தம்மா சுவர்ப்பக்கம் திரும்பறாங்களே, அத எடுத்துடலாம். கேரக்டர் கெட்டுடுது. எடுத்துட்டா நம்ம நூலக மலர்ல போடலாம்." டோன் என்றார்கள், பேலன்ஸ் என்றார்கள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தேன். என்னை அந்தம்மா என்றார்கள்.

அடுத்து சின்ன காஞ்சிபுரத்து டீச்சர் ஒருத்தி தன் வீட்டுப் பூனையைப் பற்றிப் படித்தாள். அருமை என்றார்கள். அவளை ஒரு வரியும் எடுக்கச் சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்தது.

வீட்டுக்கு வந்து, வாத்தியார் சொன்ன வரிகளைப் பென்சிலால் அடித்தேன். மீதியைப் படித்துப் பார்த்தேன். அதில் நான் நல்ல பொம்பளையாக இருந்தேன். பென்சில் கோட்டை ரப்பரால் அழித்து, மலருக்கு முழுசாகவே கொடுத்தேன்.

மலரில் பூனைதான் வந்தது. டீச்சரிடம் போய், நல்லா எழுதியிருக்கீங்க என்றேன். நிஜமாகவே நல்லாத்தான் இருந்தது. அதுதான் இன்னும் ஆறவில்லை.