நீர்மூழ்கி வாங்கிய இரண்டு விரல்

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். வானம் பார்த்த பூமியில் தகரக் கொட்டகை போட்டு, ஒற்றை லேத்தில் தொடங்கி, ஆழ்துளைக் கிணற்று மோட்டார் உறை, நூற்பாலை உருளை, கடைசியில் கடற்படைக்குப் போகிற ஆளில்லா நீர்மூழ்கியின் கூடு வரைக்கும் மல்லாங்கிணற்றிலேயே செய்து காட்டியவன். பேய், காத்து கருப்பு என்றால் சிரிப்பேன். இதை நம்பச் சொல்லிக் கெஞ்சவும் மாட்டேன், நடந்ததைச் சொல்கிறேன்.

கூட்டுக்கு ஆர்டர் கொடுத்த கம்பெனியின் இன்ஜினியர்கள் வருவதற்கு முதல் நாள், கூட்டுக்குள் தண்ணீர் கசிகிறதா என்று நானே பார்த்துவிட நினைத்தேன். எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்று உண்டு, நல்ல ஆழம். நானும் என் மச்சினன் முருகேசனும் அங்கே கொண்டுபோனோம். மோட்டார் கிடையாது, பேட்டரி கிடையாது. உள்ளே பாரத்துக்கு மணலைக் கொட்டி, இருபத்து நான்கு போல்ட் முறுக்கிய வெறும் கூடு. பட்டப்பகல்.

புது மோட்டாரை ஆழ்துளைக் குழிக்குள் இறக்கும் முன் சேவல் அறுத்து ரத்தம் தொடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முருகேசன் சேவலோடு வந்திருந்தான்.

"ஏலே மாப்ள, இது சண்டைக்குப் போற சாமான். இதுக்கு எதுக்குடா சேவலு?"

"அதுக்குத்தான் மச்சான் வேணும். உள்ள ஆளு இல்லேல்ல, கோவம் வந்தா யாரு புடிச்சு நிறுத்துவா?"

ஒரு பொட்டு வைத்தால் போதும். கடற்படைச் சாமானாயிற்றே என்ற கெத்தில் நான் கூட்டின் மூக்கு முழுக்க ரத்தத்தைப் பூசினேன்.

இறக்கினோம். கயிறு முருகேசன் கையில். கொஞ்ச நேரம் அசையாமல் மிதந்த கூடு, காற்றே இல்லாதபோது மெல்ல மூக்கைத் திருப்பி அவனைப் பார்த்தது. அடுத்த நொடி ஆழத்துக்குப் பாய்ந்தது. கயிறு விரல்களைச் சுற்றி இறுக்க, அவனைப் பாறையில் அடித்து இழுத்துத் தண்ணீருக்குள் கொண்டுபோனது. சேவல் அறுத்த அரிவாளோடு குதித்தேன். அது திரும்பி வந்து என் விலாவில் முட்டியது, எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த முட்டு அவன் நெஞ்சில், வாயெல்லாம் ரத்தம். அவன் கையைப் பாறை விளிம்பில் இழுத்துப் போட்டேன். கயிறு சதைக்குள் புதைந்து கிடந்தது, அந்த விரலில் அவன் மோதிரம் மினுங்கியது. ஓங்கி வெட்டினேன். கயிறும் போனது, இரண்டு விரலும் போயின, ஆள் பிழைத்தான்.

மறுநாள் வந்த இன்ஜினியர்கள் கிரேன் வைத்துத் தூக்கித் திறந்தார்கள். ஒரு போல்ட்கூடத் தளரவில்லை, மணலில் பொட்டு ஈரமில்லை. அந்த மணல்மேல் முருகேசனின் மோதிரம் கிடந்தது.

"என்ன பெரியவரே, வெளையாட்டா?" என்றார் இன்ஜினியர். கசிவில்லை என்று எழுதிக்கொண்டு கூட்டை எடுத்துப் போனார்கள்.

இப்போது அது எந்தக் கடலிலோ ஓடுகிறது. வெயில் கொளுத்தும்போதும் முருகேசன் கையைத் துண்டால் சுற்றிக்கொள்கிறான். "இல்லாத வெரலு ரெண்டும் குளிருது மச்சான்" என்பான். சில நாள் சோற்றில் கை வைத்தவன் அலறுவான்: "எவனையோ முட்டிருச்சு மச்சான்!"

கம்பெனிக்காரர்கள் தங்கள் பெயரை அதில் பொறித்துக்கொண்டார்கள். கூட்டைச் செய்தவன் நான். அதற்கு முதல் ரத்தம் காட்டியவனும் நான். என் பெயரையும் அதில் பொறிக்க வேண்டும், பக்கத்திலேயே முருகேசன் பெயரையும்.